கறுப்பைத் திருத்த வேண்டாம்!



நமது சுவர்ப் பத்திரிகையில் கொஞ்ச நாளாக ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. முன்னாடியெல்லாம் படம் வேணும்னா நல்லா வரையத் தெரிஞ்ச ரெண்டு பேர் கையில ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்துடுவோம். இப்போ போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தி, கார்ட்டூன் மாதிரி மாத்தி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் போட்டு ஒட்டுறோம். எழுத்து கையெழுத்து, படம் மட்டும் கம்ப்யூட்டர். இது சரியா தப்பான்னு போன வாரம் பிரேயர் முடிஞ்சதும் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. அதில் நான் பேச ஆரம்பிச்சதுமே மணி அடிச்சிட்டாங்க. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படத்துக்கு எதிரி கிடையாது. வரையத் தெரிஞ்ச ரெண்டு பேர் மட்டும்தான் படம் போடலாம்னு இருந்த காலத்தில் நான் ஒரு படமும் போட்டதில்லை. நான் யானை வரைஞ்சா எங்க அம்மாச்சி "இது என்னட்டி, அம்மிக்கல்லா?"ன்னு கேப்பாங்க. இப்போ நானும் படம் போடுறேன்.

நாம பயன்படுத்துற சாஃப்ட்வேர் பேர் கிம்ப். அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் செய்தது. 1996-ல் வெளியிட்டார்கள். அன்று முதல் இன்று வரை காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். எங்க தெருவுல ஒரு அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கின அரசாங்க லேப்டாப் இன்னும் ஓடுது. அதுலயும் இது மெதுவா வேலை செய்யுது. நெட் வேண்டாம். செல்போன்ல இருக்கிற சில ஆப் மாதிரி நம்ம படத்தை எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைக்கிற வேலையும் இல்லை. 2025 மார்ச் மாதம் உலகமே தன் போட்டோவை ஜப்பான் ஜிப்லி ஸ்டூடியோ கார்ட்டூன் மாதிரி மாத்திக்கிட்டு திரிஞ்சுது ஞாபகம் இருக்கா? அந்தப் படங்களில் பாதிப் பேருக்கு ஒரே மூக்கு! கிம்ப் அப்படிச் செய்யாது. நாம சொன்னதை மட்டும்தான் செய்யும்.

நாம என்ன சொல்றோம் என்பதில்தான் என் சண்டை.

மார்ச் மாதம் மகளிர் தினச் சிறப்பிதழ் போட்டோம். நம்ம ஊர்ப் பக்கம் உழைக்கிற பெண்கள் படம் நாலு போடலாம்னு முடிவாச்சு. மிளகாய் பறிக்கிறவங்க, உளுந்து அடிக்கிறவங்க, தீப்பெட்டி வேலைக்குப் போறவங்க, கரிமூட்டத்துல வேலை பார்க்கிறவங்க. கரிமூட்டம் தெரியாத டீச்சர்களுக்காகச் சொல்கிறேன். சீமைக் கருவேல மரத்தை வெட்டி, விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் நாள் கணக்கில் மெல்லப் புகைய விடுவார்கள். பிறகு பிரித்து, கரியைப் பொறுக்கி, தட்டி, மூட்டை கட்டணும். பொறுக்குகிற வேலை பெரும்பாலும் பொம்பளைகளுக்குத்தான். கரிசல் மண்ணு, கரிப் புகை, மேல வெயில். அந்த வேலை பார்க்கிறவங்க கறுப்பா இருக்காம வேற எப்படி இருப்பாங்க?

அந்த அம்மா படத்தை நம்ம படக்குழு கார்ட்டூன் ஆக்கினாங்க. முதல் தடவை முகம் ஒரே கறுப்புத் திட்டா வந்துச்சு, கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியல. வெளிச்சத்தைக் கூட்டினாங்க. அப்போ வானம் காணாமப் போச்சு, முகம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடுச்சு. கடைசியில பக்கெட் டூலை எடுத்து முகத்துக்கு மொத்தமா ஒரு இளஞ்சிவப்புக் கலரை ஊத்திட்டாங்க. படம் பளிச்சுன்னு வந்துச்சு. எல்லாரும் கை தட்டினோம்.

மறுநாள் ஆறாவது படிக்கிற ஒரு தம்பி சுவர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். அந்த அம்மாவோட பையன் அவன். "எங்கம்மா படம் போடுதாங்கன்னு சொன்னீங்களே, எங்கக்கா?"ன்னு கேட்டான். இதுதான்டா தம்பின்னு விரல் வைச்சுக் காட்டினேன். உத்துப் பாத்துட்டு, "இது யாரோ டீச்சர் மாதிரில்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். (டீச்சர்கள் கோபிக்க வேண்டாம். அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.)

நண்பர்களே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மகளிர் தினத்துக்கு ஒரு அம்மாவைப் பெருமைப்படுத்துறோம்னு சொல்லி, அவங்க பிள்ளைக்கே அடையாளம் தெரியாதபடி செஞ்சு ஒட்டியிருக்கோம். அழகாக்குறதுன்னா இதுவா?

படக்குழுவில் உள்ள அண்ணன்கள் சொல்றது, "நாங்க என்ன செய்ய, சாஃப்ட்வேர் அப்படித்தான் செய்யுது, கறுப்பா இருந்தா கார்ட்டூன் வராது" என்று. இது உண்மையான்னு பாக்கணும்னு கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டு நானே உட்கார்ந்து செய்து பார்த்தேன். உண்மை இல்லை. எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

கிம்ப்ல ஃபில்டர்ஸ் மெனுவுக்குள்ள ஆர்ட்டிஸ்டிக், அதுக்குள்ள கார்ட்டூன்னு ஒண்ணு இருக்கு. அது முகத்தைப் பார்க்கிறதே இல்லை. அதுக்கு முகம்னா என்னன்னே தெரியாது. படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பக்கத்தில் இருப்பதைவிட ஒரு புள்ளி நல்லா இருட்டாக இருந்தால், அதை இன்னும் கறுப்பாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதனால்தான் ஓரங்களில் மை பேனாவால் கோடு போட்ட மாதிரி வருகிறது. எவ்வளவு தூரம் வரை அக்கம்பக்கம் பார்க்கணும் என்பதற்கு ஒரு பட்டை, எவ்வளவு கறுப்பு சேர்க்கணும் என்பதற்கு ஒரு பட்டை. ரெண்டையும் நாமதான் நகர்த்துறோம்.

அப்போ அது கறுப்பு ஆள், சிவப்பு ஆள் என்று பார்ப்பதில்லை. ஒருவர் முகம் முழுக்க ஒரே சீராகக் கறுப்பாக இருந்தால் திட்டு விழாது. திட்டு எப்போ விழும்? முகத்தில் பாதி வெயில் பாதி நிழல் என்று இருந்தால் விழும். நம்ம குழு போட்டோ எடுத்தது மத்தியானம் பன்னிரண்டரைக்கு. தலையில் துண்டு கட்டியிருக்காங்க, துண்டு நிழல் நேரா கண்ணு மேல விழுது. பின்னால வெள்ளை வெளேர்னு வானம். செல்போன் கேமரா வானத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பயந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிடுது. தப்பு அந்த அம்மாவோட தோலில் இல்லை. எடுத்த நேரத்தில் இருக்கு, எடுத்த பக்கத்தில் இருக்கு. அதே அம்மாவைக் காலையில் ஏழு மணிக்கு, இல்லைன்னா சாயங்காலம், வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, பின்னால வானம் வராமல் எடுத்திருந்தால் பக்கெட்டே தேவைப்பட்டிருக்காது. எடுக்கும்போது திரையில் முகத்து மேல ஒரு விரல் வைச்சாப் போதும், கேமரா முகத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைச் சரி பண்ணிக்கும்.

அடுத்தது அந்தச் சாம்பல் கலர். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், ஏன்னா இது கணக்கு.

கார்ட்டூன்னா கலர் கம்மியா இருக்கணும் என்று கலர்ஸ் மெனுவில் போஸ்டரைஸ் என்று ஒன்றைப் போடுகிறோம். நம்ம குழு எப்பவும் அதில் 4 என்று வைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவை. ஒவ்வொன்றும் 0-லிருந்து 255 வரை. 4 என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நாலே நாலு எண்தான் மிஞ்சும்: 0, 85, 170, 255. மற்ற எண்கள் எல்லாம் பக்கத்தில் உள்ள எண்ணுக்குப் போய் ஒட்டிக்கொள்ளணும்.

என் கையைப் போட்டோ எடுத்து ஒரு புள்ளியை அளந்தேன். சிவப்பு 120, பச்சை 78, நீலம் 58. நல்ல பழுப்பு. 4 வைத்தால் என்ன ஆகும்? 120-க்குப் பக்கத்தில் 85. 78-க்கும் 85. 58-க்கும் 85. மூன்றும் ஒரே எண் ஆகிவிட்டால் அது நிறமே இல்லை, வெறும் சாம்பல்! என் கை செத்த கை மாதிரி ஆகிவிட்டது. அடுத்து ஒரு பவுடர் விளம்பரத்தில் இருந்த குழந்தையின் கன்னத்தை அளந்தேன். 230, 180, 150. அது 255, 170, 170 ஆகிறது. அழகான ரோஸ். ஒரே கணக்கு, ஒரே பட்டன். அந்தப் பாப்பாவுக்கு ரோஸ், எனக்குச் சாம்பல்.

இதில் கம்ப்யூட்டருக்கு ஓரவஞ்சனை இல்லை. 4-க்குப் பதிலா 8 வைத்துப் பாருங்கள். என் கை 109, 73, 73 ஆகிறது. கொஞ்சம் செம்மண் கலந்த பழுப்பு, ஆனா உயிரோட இருக்கிற கை. 4 என்ற எண் யாருக்குச் சரியா வருதோ அவங்களை மனசில் வைச்சே நாமும் 4 வைக்கிறோம். மத்தவங்களுக்குச் சரியா வரலைன்னா அவங்க நிறத்தையே குறை சொல்றோம்.

இப்படி நடப்பது நம்ம ஸ்கூலில் மட்டும் இல்லையாம். முன்பு கலர் பிலிம் இருந்த காலத்தில், கோடாக் கம்பெனி பிரிண்ட் கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அந்தப் பெண்ணின் நிறம் சரியா வந்தா மிஷின் சரி என்று அர்த்தம். அந்த அட்டைக்கு 'ஷெர்லி' என்றே பேர். கறுப்பாக இருக்கிறவர்கள் முகம் சரியாகத் தெரியாமல் போனது. அதற்கு ரொம்ப நாள் யாரும் கவலைப்படவில்லை. சாக்லேட் கம்பெனியும் மர நாற்காலி மேசை செய்கிற கம்பெனியும் எங்க பொருளோட பழுப்பு சரியா வரலைன்னு சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்களாம். சாக்லேட்டுக்கு இருந்த மரியாதை மனுஷனுக்கு இல்லை பாருங்க! 2017-ல ஃபேஸ்ஆப் என்ற செல்போன் ஆப்பிலும் இதே கதை. ஆளை அழகாக்குறேன் என்று ஒரு பட்டன் வைத்தார்கள், அது முகத்தை வெள்ளையாக்கியது. கறுப்பு மக்கள் சத்தம் போட்டதும் கம்பெனிக்காரர் மன்னிப்புக் கேட்டார்.

வாக்குவாதத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "அந்தக் காலத்துல கையால வரைஞ்சாங்க, அப்ப இந்தப் பிரச்சனை இருந்துச்சா? கம்ப்யூட்டர் வந்துதான் கெட்டுப்போச்சு." அதுவும் சரியில்லை. நமக்குப் பக்கத்தில் கோவில்பட்டி இருக்கிறதே, அங்கே சி. கொண்டையராஜு என்று ஒரு பெரிய ஓவியர் இருந்தார். 1898-ல் பிறந்து 1976-ல் காலமானார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போன சாமி காலண்டர்களில் நிறைய அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை. அந்தச் சீடர்கள் போட்டோ ஸ்டூடியோ தொழிலும் பார்த்தார்கள். படமும் போட்டோவும் அப்பவே ஒன்றுக்குள் ஒன்று. கறுப்பு வெள்ளை போட்டோ காலத்தில் ஸ்டூடியோக்களில் முகத்தைப் பென்சிலால் திருத்துவது, கன்னத்துக்கு ரோஸ் கலர் தொட்டு வைப்பது எல்லாம் சாதாரணம். எங்க வீட்டுச் சுவரில் அம்மாச்சியோட கல்யாண போட்டோ மாட்டியிருக்கு. அதில் அம்மாச்சி உதட்டில் சிவப்பு இருக்கும். "நான் என்னைக்குட்டி உதட்டுக்குச் சாயம் பூசினேன்"ன்னு சிரிப்பாங்க. கையும் பொய் சொல்லும், கம்ப்யூட்டரும் பொய் சொல்லும். அந்த ஓவியர்களிடம் ஒன்று மட்டும் உண்டு. என்ன மாத்தினோம்னு அவங்களுக்குத் தெரியும். நாம பட்டனைத் தட்டிட்டு "அதுவா வந்துச்சு"ன்னு சொல்றோம்.

இன்னொரு கேள்விதான் எனக்குக் கஷ்டமானது. ஒரு அண்ணன் சொன்னான், "அவங்களே கலர் கூட்டிப் போடுப்பான்னு கேக்காங்களே, அப்ப என்ன செய்ய?" உண்மைதான். என் சித்தி கல்யாண ஆல்பத்துல சித்தி முகமும் கழுத்தும் ஒரு நிறம், கை வேற நிறம். ஸ்டூடியோக்காரர் தானா செய்யல, வீட்டுல சொல்லித்தான் செஞ்சார். சித்தி அதைப் பாத்துச் சந்தோஷப்பட்டாங்க. சித்தி சந்தோஷத்தை நான் எப்படித் தப்புன்னு சொல்றது? ஆனால் சித்தி ஏன் சந்தோஷப்பட்டாங்கன்னு யோசிச்சா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. பொண்ணு பாக்க வந்த ரெண்டு இடத்துல நிறம் கம்மின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. 1975-லிருந்து கடையில் விற்ற ஒரு கிரீம் 2020-ல் தன் பேரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. டியூப்ல பேரை மாத்துறது சுலபம். வீட்டுல நம்மளைக் 'கருவாச்சி'ன்னு கூப்பிடுறதை மாத்துறதுக்கு யாரும் வரலை.

கல்யாண ஆல்பம் அவங்க சொந்த விஷயம். அவங்க இஷ்டப்படி இருக்கட்டும். சுவர்ப் பத்திரிகை அப்படி இல்லை. படத்துக்குக் கீழே இவங்க இன்னார், இந்த வேலை பார்க்கிறாங்கன்னு நாம எழுதுறோம். எழுதினா அது செய்தி. செய்தியில் வயசை மாத்தி எழுதுவோமா, ஊரை மாத்தி எழுதுவோமா? நிறத்தை மட்டும் ஏன் மாத்தணும்? அவங்களுக்குத் தன் படம் பிடிக்கலைன்னா போட வேண்டாம். கேட்டுட்டுப் போடலாம். அந்த அம்மாகிட்ட நம்ம குழு படத்தைக் காட்டிக் கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"கார்ட்டூன்னா கற்பனைதானே, அதுல என்ன உண்மை வேண்டிக்கிடக்கு" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. நம்ம வகுப்பறையில் காமராஜர் படம் மாட்டியிருக்கிறோம். கார்ட்டூன் போடுகிறவர்கள் அவரை நாலே கோட்டில் வரைந்துவிடுவார்கள். உயரமான உடம்பு, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. பார்த்த உடனே பெரியவரிலிருந்து பிள்ளை வரை காமராஜர்னு சொல்லிடுவாங்க. கறுப்பு காந்தி என்றே அவரைக் கூப்பிட்டார்கள். அவரை ரோஸ் கலரில் வரைஞ்சு ஒட்டினா நம்ம ஹெச்.எம். சார் சும்மா விடுவாங்களா? கார்ட்டூன்ல ஆயிரம் விஷயத்தை விடலாம். எதை விட்டா அந்த ஆள் இல்லாமப் போயிடுவாரோ அதை விடக் கூடாது. எதை விடலாம், எதை விடக் கூடாதுன்னு கிம்ப்புக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஏன்னா அவங்க நம்ம தெருவில் இருக்காங்க.

அதனால் பத்திரிகைக் குழுவுக்கு என் வேண்டுகோள். ஆளுங்க முகத்துக்குப் பக்கெட் டூல் போடாதீங்க. சட்டைக்கு, சுவருக்கு, மரத்துக்கு எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க. முகம் இருட்டா இருந்தா மொத்தப் படத்துக்கும் வெளிச்சம் ஏத்தாம, ஃப்ரீ செலக்ட் டூலால முகத்தைச் சுத்தி வளைச்சு, ஓரத்தை ஃபெதர் வைச்சு மென்மையாக்கி, லெவல்ஸ்ல நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குங்க. கண்ணு மூக்கு தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் தூக்குறது நிறம் மாத்துற வேலை. போஸ்டரைஸ்ல 8-க்குக் கீழே போக வேண்டாம். கறுப்புத் திட்டா வர்ற கோட்டை அழிச்சிட்டு, மேலே ஒரு புது லேயர் போட்டுக் கையால கோடு இழுங்க. இங்கதான் நம்ம ஸ்கெட்ச் பேனா ஆட்கள் ரெண்டு பேரும் வேணும். கம்ப்யூட்டர் வந்ததுலேருந்து அவங்க சும்மாத்தான் உக்காந்திருக்காங்க. பிரிண்ட் எடுக்கும்போது ஒரு சின்னத் துண்டு மட்டும் முதல்ல எடுத்துப் பாருங்க, ஜெராக்ஸ் கடை மிஷின்ல பழுப்பு இன்னும் ஒரு மடங்கு இருட்டாத்தான் வருது.

கரிமூட்டத்து அம்மாவோட முதல் போட்டோ இன்னும் கம்ப்யூட்டர் ரூம்ல மூணாவது சிஸ்டத்துல 'மகளிர்' என்ற ஃபோல்டர்ல இருக்கு, நான் பார்த்தேன். ஆனா அது மத்தியான வெயில் போட்டோ, அதை வைச்சு ரொம்பச் செய்ய முடியாது. ஆறாவது படிக்கிற அந்தத் தம்பிகிட்ட பேசிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்கு அவங்க அம்மா வீட்டில் இருப்பாங்களாம், வாசலில் வேப்பமரம் இருக்காம். போட்டோ எடுக்க நான் போறேன். செல்போன் வைச்சிருக்கிறவங்க யாராவது ஒருத்தர் கூட வரணும். எடுத்த பிறகு படத்தை அவங்ககிட்ட காட்டிக் கேட்டுட்டுத்தான் வருவோம். சரின்னு சொன்னா அடுத்த இதழில் அந்தப் பழைய படம் இருக்கிற இடத்திலேயே மேலே ஒட்டிடலாம். பசை நான் கொண்டு வர்றேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி